பொற்கொல்லன் சொல்லும் காவலர் செவியும்

தமிழ்ப்பள்ளிகளில் சொல்வன்மை கற்பிக்கப்படும்போதெல்லாம் ஆசிரியரின் கண் பேசுவோன் மீதே நிலைக்கின்றது. அவன் நிற்கும் நிலை, குரலின் ஏற்ற இறக்கம், கையசைவு, மேற்கோளின் செறிவு, முடிக்கும் மிடுக்கு ஆகியவற்றிற்கே பயிற்சி தரப்படுகின்றது. அவற்றிற்கே மதிப்பெண்ணும் வழங்கப்படுகின்றது. திருக்குறளின் 65ஆம் அதிகாரமாகிய சொல்வன்மை பேச்சுப் போட்டிக்குச் செல்லும் மாணாக்கனுக்கு மனப்பாடமாக இருக்கின்றது. எதிரே அமர்ந்திருப்பவனுக்கோ கைதட்டுவதைத் தவிர வேறு பணி எதுவும் சொல்லித்தரப்படுவதில்லை. அறிவுடைமை என்னும் 43ஆம் அதிகாரத்தில் வள்ளுவர், பிறர் உள்ளத்தில் பதியுமாறு சொல்லுதலையும், பிறர் சொல்லும் சொல்லினுள் நுண்ணிய பொருளைக் கண்டறிதலையும் ஒரே குறளில் இணைத்து வைத்தார். முன்பாதியைப் போட்டி மேடை எடுத்துக்கொண்டது. பின்பாதி நூலிலேயே தங்கிவிட்டது.

இவ்விரு பாதிகளையும் ஒருசேரக் காண விழைவோர்க்குத் தமிழில் ஒரு தலைசிறந்த பாடம் உண்டு. அது மேடைப் பேச்சன்று. ஒரு கொலையாளியின் பேச்சு. சிலப்பதிகாரத்தின் 16ஆம் காதையாகிய கொலைக்களக் காதையில் வரும் பொற்கொல்லன் ஒரே நாளில் மூன்று வகைச் செவிகளைத் தன் சொல்லால் வளைத்தான். முதற்செவி கோவலனுடையது; இரண்டாவது பாண்டியனுடையது; மூன்றாவது கொல்லச் சென்ற காவலருடையது. வகுப்பறைகளில் இப்பகுதி விரைந்து கடக்கப்படுவதே வழக்கம். 'வஞ்சகக் கொல்லன் பழி சுமத்தினான், அரசன் ஆராயாது ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான்' என்று மூன்று தொடர்களில் கதையை முடித்துவிட்டுக் கண்ணகியின் வழக்குரைக்குத் தாவுவர். அவ்வாறு தாவுவோர் இளங்கோவடிகள் மிகுந்த கருத்துடன் அமைத்த ஒரு காட்சியை இழக்கின்றனர்.

கோவலனிடம் அவன் பேசிய முறை முதலில் நோக்கத்தக்கது. நூறு கொல்லர் பின்தொடர வந்த அரண்மனைத் தொழிலாளி அவன். அரசன் தேவிக்கு ஆகும் காலணி ஒன்றை விலையிட இயலுமா என்று கோவலன் வினவியபோது, தான் அதனை அறியாதவன் என்று பணிந்து, ஆயினும் வேந்தருக்கு முடி முதலிய அணிகளைச் செய்பவன் என்று அப்பணிவிற்குள்ளேயே தன் பெருமையையும் வைத்துச் சொன்னான். சிலம்பைக் கண்டபின், இது கோப்பெருந்தேவிக்கன்றி வேறு எவர்க்கும் பொருந்தாது என்றான். அரசனிடம் தெரிவித்து வருவதாகவும் அதுவரை தன் குடிலின் அருகே இருக்குமாறும் கூறினான். இவற்றில் எச்சொல்லும் வெளிப்படையான பொய்யன்று. சிலம்பு அரசிக்கு ஏற்றதே. அவன் அரசனிடம் சென்றதும் உண்மையே. செல்வத்தை எல்லாம் தொலைத்து, புதிய ஊரில் விலை கேட்டு நிற்கும் ஒரு வணிகன் மகனுக்கு, தன் கைப்பொருளின் அருமை தெரிந்தவன் ஒருவன் கிடைத்தான் என்பதைவிட இனிய செய்தி எது? கேட்போன் எதனைக் கேட்க விரும்புகின்றானோ அதனை மட்டுமே சொல்லி அவனை வீழ்த்த முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. 'பொய் பேசுவோனை நம்பாதே' என்னும் அறிவுரை இங்கே கோவலனுக்குச் சிறிதும் உதவியிராது.

அரசனிடம் அவன் பேசியது சில அடிகளே. ஆனால் இடமும் காலமும் அவனுக்காகவே வாய்த்தவை போன்றிருந்தன. ஆடல் மகளிர்பால் அரசன் உள்ளம் சென்றது கண்டு ஊடிய தேவி, தலைநோய் என்று கூறி அகன்றிருந்தாள். அவ்வூடலைத் தணிக்க அரசன் அவள் இருப்பிடம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தான். அந்த வாயிலில் கொல்லன் வீழ்ந்து வணங்கினான். கன்னக்கோல் இன்றி, கவைக்கோலும் இன்றி, மந்திரத்தால் வாயிற்காவலரைத் துயிலச் செய்து சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் சிறுகுடிலில் இருக்கின்றான் என்றான். கருவி எதுவும் கிடைக்கவில்லையே, காவலர் எவரும் காணவில்லையே என்னும் ஐயங்கள் அரசன் மனத்தில் எழுமுன்னரே அவற்றிற்கு விடை வந்துவிட்டமை கருதத்தக்கது. சிலம்பு கிடைத்தால் ஊடலும் தீரும் என்னும் ஆசை அரசனுக்குள் ஏற்கனவே இருந்தது. கொல்லன் புதிதாக எதனையும் அங்கே விதைக்கவில்லை. இருந்த ஆசைக்கு ஒரு வழி காட்டினான்.

அரசன் இட்ட ஆணையில் ஒரு நிபந்தனை உண்டு. சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்பது அவ்வாணை. மேலோட்டமாகக் காண்போர்க்கு இஃது ஆராய்ச்சி போலத் தோன்றும். கையில் ஒரு சிலம்பு இருப்பது கொல்லன் முன்பே அறிந்த செய்தி. கேட்கப்பட்டிருக்க வேண்டியது கையில் இருப்பது எவருடைய சிலம்பு என்னும் வினா ஒன்றே. அதனை அரசன் கேட்கவில்லை. கொல்வதற்குக் கொணர்க என்று சொல்ல வந்தவன் ஊழால் நாத் தவறினான் என்று உரை கூறுவாரும் உளர். நாத் தவறியிருப்பினும் தவறாதிருப்பினும் செவி முன்னரே தவறிவிட்டது. இளங்கோவடிகள் 'தேரான்' என்னும் ஒரு சொல்லால் அரசனைக் குறித்துவிட்டு மேலே செல்கின்றார்.

உண்மையான சொற்போர் மூன்றாம் செவியில்தான் நிகழ்கின்றது. கோவலனைக் கண்ட காவலர் தயங்கினர். உடலமைப்பு இலக்கணத்தை நோக்கின் இவன் கொலைத்தண்டம் பெறத்தக்கவன் அல்லன் என்று அவர்கள் வெளிப்படையாகவே கூறினர். காப்பியத்தில் கோவலன் உயிர் பிழைத்திருக்கக்கூடிய இறுதித் தருணம் இது. அரசனின் ஆணை பெற்றவர்களே அவ்வாணையை ஐயுற்று நிற்கின்றனர். இந்நிலையில் கொல்லன் கோவலன் மீது புதிய குற்றம் எதனையும் சாட்டவில்லை. கண்ட சாட்சியையும் கொணரவில்லை. அக்காவலரை உள்ளூர எள்ளி நகைத்து, கள்வர் நூலை விரித்துரைக்கத் தொடங்கினான்.

மந்திரம் முதலாகக் கருவி ஈறாகக் கள்வர்க்குத் துணைகள் எட்டு என்றான் அவன். எண்ணிக்கை இட்டுச் சொல்லும் சொல்லுக்கு ஒரு தனி ஆற்றல் உண்டு. எட்டு என்று தொடங்குபவன் நூலறிந்தவன் என்று கேட்போர் தாமே கருதிக்கொள்கின்றனர். ஆசிரியப் பணியில் இருப்போர் இதனை நன்கு அறிவர். கரும்பலகையில் எண்ணிட்டு எழுதப்பட்டதை ஐயுறும் மாணாக்கன் அரியவன்.

எட்டினை விரிக்கும்போதுதான் அவன் பேச்சின் கொடிய நுட்பம் வெளிப்படுகின்றது. கள்வர் தம் தெய்வத்தை நினைத்தால், திருடிய பொருளைக் கையிலேந்தி எல்லோரும் காணக் காட்டியவாறே தப்பிவிடுவர் என்றான். கோவலன் சிலம்பை ஒளிக்காமல் வெளிப்படையாக வைத்திருந்தான். குற்றமற்றவன் என்பதற்கு அதனினும் பெரிய அடையாளம் இருக்க முடியாது. கொல்லன் கூற்றுப்படி அதுவே களவின் அடையாளமாகிவிட்டது. அடுத்து மருந்து. கள்வர் இடும் மருந்து கண்டோரைச் செயலறச் செய்துவிடும் என்றவன், அம்மருந்தில் அகப்பட்டால் அரசனால் பெருந்துன்பம் எய்துவீர் என்றும் எச்சரித்தான். இவன் கள்வன் அல்லன் என்று காவலர் உள்ளத்தில் எழுந்த நல்லெண்ணத்தையே அவன் மருந்தின் மயக்கமாக மாற்றிவிட்டான். இனிக் காவலன் ஒருவன் எவ்வளவு உறுதியாக ஐயுறுகின்றானோ அவ்வளவு ஆழமாக அவன் மயங்கியிருக்கின்றான் என்றாகின்றது. நல்ல நிமித்தம் இல்லையேல் அரும்பொருள் கைக்கு வந்தாலும் கள்வர் கொள்ளார். தந்திரம் எண்ணினால் இந்திரன் மார்பின் ஆரத்தையும் கவர்வர். அவர்க்கு இரவு பகல் என்னும் வேறுபாடே இல்லை. இவ்வாறு ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்ல, ஒருவன் கள்வன் அல்லன் என்று காட்டுவதற்கு எந்த வழியும் எஞ்சவில்லை. அஞ்சினால் கள்வன்; அஞ்சாவிட்டால் தேர்ந்த கள்வன்.

எவ்வகை எதிர்ச்சான்று வந்தாலும் அதனைத் தனக்கே சான்றாக விழுங்கிக்கொள்ளும் வாதம், வாதமே அன்று. இதனைக் கண்டறிய மாணாக்கனுக்கு அளவை நூற்பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. 'எது நேர்ந்திருந்தால் நீ இவனைக் குற்றமற்றவன் என்று ஒப்புவாய்?' என்னும் ஒரு வினாவே போதும். காவலருள் ஒருவரும் அதனைக் கேட்கவில்லை. கோவலனிடமும் ஊர், பெயர் கேட்கவில்லை. இளங்கோவடிகள் இக்கட்டத்தில் கோவலன் வாயில் ஒரு சொல்லையும் வைக்கவில்லை. யாருடைய உயிரைப் பற்றிய வழக்கோ அவனே அங்குப் பேசாப் பொருளாக நின்றான்.

நூலுக்குப் பின் கதை வருகின்றது. பகலில் தூதர் கோலத்தில் வாயிலில் இருந்து, இரவில் மகளிர் கோலத்தில் உள்ளே புகுந்து, துயின்ற இளங்கோ வேந்தனின் வயிர ஆரத்தைக் கவர்ந்த கள்வன் ஒருவனைப் பற்றிய கதை அது. விழித்தெழுந்த இளவரசன் வாளை உருவ, கள்வன் உறையைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு குத்தையும் உறையிலேயே வாங்கினான். மற்போருக்கு வந்தபோது மணித்தூண் ஒன்றைக் காட்டி மயக்கி மறைந்தான். காட்சி கண்முன் நிற்கின்றது. அவனைக் கண்டவர் உண்டெனில் காட்டுங்கள் என்று கொல்லன் அறைகூவலும் விடுகின்றான். எவரும் காணாமையே அவன் இருந்தான் என்பதற்குச் சான்று! அச்சம் மூண்ட நெஞ்சிற்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது. அரண்மனையில் பகலெல்லாம் மதிப்புடன் இருந்து அணியைக் கவர்ந்தவன் கதையைச் சொல்பவன், அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கொல்லனே என்பதை இங்கு மறத்தல் ஆகாது. அவன் நாவில் கள்வர் நூல் இத்துணைச் சரளமாக வந்தது எவ்வாறு என்று காவலர் ஒருவர் வியந்திருந்தாலும் கதை மாறியிருக்கும்.

கொல்லன் பேச்சு அத்துடன் நிற்கின்றது. அதன்பின் பேசுபவன் காவலருள் ஓர் இளைஞன். மழை பெய்த நள்ளிரவில் நீல உடையுடன், நிலம் தோண்டும் உளியுடன், புலிபோல் ஒருவன் தோன்றினான் என்றும், தான் உருவிய வாளை அவன் பறித்துக்கொண்டான் என்றும், பின் எங்குத் தேடியும் காணவில்லை என்றும் அவன் கூறினான். அக்கள்வனுக்கும் முன்னே நிற்கும் கோவலனுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆயினும் அவன் தன் பழைய தோல்வியையும், அரசன் தண்டிப்பானே என்னும் அச்சத்தையும் கொண்டு கொல்லன் விட்ட இடத்தை நிரப்பினான். மொழித்திறனின் உச்சநிலை இதுதான். பேசுவோன் நிறுத்தியபின் கேட்போன் தானே தொடர்ந்து பேசத் தொடங்கிவிடுகின்றான். அப்போது அக்கருத்து பிறர் தந்தது என்னும் நினைவும் அவனிடம் இருப்பதில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இணங்கவைக்கும் வழிகள் மூன்று என வகுத்தார்: பேசுவோனின் மதிப்பு, கேட்போனின் உணர்ச்சி, வாதத்தின் அமைப்பு. மூன்றுமே கொல்லனிடம் இருந்தன. ஆனால் மூன்றனுள் காவலரை வீழ்த்தியது அவர்களிடமே இருந்த அச்சம்.

கம்பன் காட்டும் மந்தரையும் இவ்வழியே சென்றவள். இராமனுக்கு முடி என்று கேட்டு மகிழ்ந்து மணிமாலை பரிசளித்த கைகேயி, பின்னர் நாவை அறுக்காமல் விட்டேன் என்று சினந்த கைகேயி, மாறியது எப்போது? கோசலையிடம் கையேந்தி நிற்க நேரும் என்பதையும், பிறந்தகத்திற்குப் பகையால் கேடு வரும் என்பதையும் கூனி சொன்ன பின்னர். கம்பன் தேவர் மாயையையும் உடன்வைத்துக் கூறினான். அது காப்பியத் தேவை. கூனியின் வாதங்கள் மாயையின் துணையின்றியும் நிற்பவை.

காவலரின் தயக்கத்திலும் ஒரு குறை உண்டு. அதனைச் சுட்டாமல் அவர்களைப் பாராட்டுவது நேர்மையாகாது. அவர்கள் கோவலனை நல்லவன் எனக் கருதியது அவன் தோற்றத்தைக் கண்டே. தோற்றத்தில் பிறந்த நம்பிக்கை ஒரு கதையில் கரைந்தது. ஆராய்ச்சியில் பிறந்த நம்பிக்கையாக இருந்திருப்பின் எட்டுத் துணைகளும் அதனை அசைத்திரா. இறுதியில் அவ்விளைஞன், செய்யத்தக்கது யாதெனச் சொல்லுங்கள் என்று தன் தோழரைக் கேட்டான். ஐயம் இன்னும் முற்றிலும் சாகவில்லை என்பதற்கு அடையாளம் அக்கேள்வி. விடை வருமுன் ஒருவன் வாளை வீசிவிட்டான். அவனைக் 'கல்லாக் களிமகன்' என்கின்றார் அடிகள். அத்துணைப் பேச்சையும் கேட்டு எடைபோடும் திறனே இல்லாத, குடித்த ஒருவன் கையில் முடிவு போய்ச் சேர்ந்தது. பேசியவன் கையில் குருதி இல்லை. தயங்கியவர் கையிலும் இல்லை. தூண்டும் பேச்சு எங்கு நிகழ்ந்தாலும் அவையில் இத்தகைய ஒருவன் எப்போதும் இருப்பான்.

இவை அனைத்தும் ஊழ்வினையின் செயல், இதில் சொல்லுக்கு என்ன பங்கு என்று வினவுவோர் உளர். காப்பியத்தின் மூன்று உண்மைகளுள் ஊழும் ஒன்று என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அவ்வூழ் யாது என்று மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் கூறுவதை நோக்குக. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடன் இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் என்று தன் அரசனிடம் சொல்லிக் கொல்வித்தான். அந்தக் குற்றமும் ஒரு சொல். அதனை ஆராயாது ஏற்றதும் ஓர் அரசனின் செவி. ஊழ்கூட இக்காப்பியத்தில் நாவின் வழியும் செவியின் வழியுமே நடக்கின்றது. எனவே ஊழைக் காட்டிச் சொல்லின் பொறுப்பைத் தள்ளிவிட இளங்கோவடிகள் இடம் வைக்கவில்லை.

கொல்லனுக்கு மறுமொழி 20ஆம் காதையாகிய வழக்குரை காதையில் கிடைக்கின்றது. கண்ணகியும் சொல்வன்மை மிக்கவளே. அவிழ்ந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக அவள் நின்ற தோற்றமே அரசனைக் கலக்கியது. புறாவிற்காக உடல் தந்த சோழனையும், கன்றை இழந்த பசுவிற்காக மகன் மீது தேர் செலுத்திய சோழனையும் முன்வைத்து, அதன்பின் தன் ஊரையும் கணவன் பெயரையும் தன் பெயரையும் கூறினாள். உணர்ச்சி, முன்னோர் சான்று, குற்றச்சாட்டு எல்லாம் அதில் உண்டு. கொல்லனிடமிருந்து அவளைப் பிரிப்பது யாது? சினம் இருவர்க்கும் பொது அன்று எனலாம். அறம் அவள் பக்கம் எனலாம். கேட்கும் அரசனுக்கு அப்போது அறம் எப்பக்கம் என்று எவ்வாறு தெரியும்? கொல்லனும் அவனுக்கு அறவோனாகத்தானே தோன்றினான்.

வேறுபாடு ஒன்றே. தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்றாள் கண்ணகி. அந்தச் சொல் பொய்யாக இருந்தால் அடுத்த கணமே பொய்யென்று வெளிப்பட்டுவிடும். தான் தோற்கக்கூடிய ஒரு சோதனையை அவளே அரசன் கையில் கொடுத்தாள். தம் சிலம்பின் பரல் முத்து என்று அரசனும் கூறி, சிலம்பைக் கொணரச் செய்து முன் வைத்தான். பாண்டியனின் பெருமை இங்குதான் இருக்கின்றது. தன் ஆணை தவறென்று மெய்ப்பிக்கக்கூடிய பொருளைத் தானே வரவழைத்தான். சிலம்பு உடைந்தது; மணி அரசன் வாயருகே தெறித்தது. கொல்லன் ஒருவனின் சொல்லைக் கேட்டதையே தன் குற்றமாக அவன் கூறி வீழ்ந்தான். ஆணை இட்டதைக் கூறவில்லை, கேட்டதைக் கூறினான். கண்ணகி அவனை முதலில் விளித்ததும் 'தேரா' என்னும் அடைமொழியுடன்தான். கொலைக்களக் காதையில் கவிஞர் இட்ட சொல் வழக்குரை காதையில் அவள் வாயில் திரும்பி வருகின்றது.

ஆங்கிலம் பயின்றோர் இவ்விடத்தில் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தை நினைப்பர். 1599ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அந்நாடகத்தில் புரூட்டஸ் உரைநடையில் காரணங்களை அடுக்குகின்றான்; அந்தோனி செய்யுளில் பேசி, கிழிந்த மேலாடையைக் காட்டி, உடலைக் காட்டி, ஒவ்வொரு குடிமகனுக்கும் 75 வெள்ளிக் காசு எழுதிவைத்த உயிலைக் காட்டிக் கூட்டத்தைத் தன்வயப்படுத்துகின்றான். எதிரிகளைப் புகழும் ஒரே சொல்லை அவன் திரும்பத் திரும்பக் கூற, அதுவே வசையாக மாறுகின்றது. இவ்வுரையைப் பள்ளி மேடைகளில் நடித்துக் காட்டுவோர் பலர். அதற்கு அடுத்த சிறு காட்சியை நடிப்போர் சிலரே. சதிகாரன் ஒருவனின் பெயரைத் தாங்கிய சின்னா என்னும் கவிஞன் தெருவில் அகப்படுகின்றான். தான் வேறு சின்னா என்று அவன் கூறியும் கூட்டம் விடவில்லை.

பாண்டி நாட்டிலும் அத்தகைய அடுத்த காட்சி ஒன்று உண்டு. அதுவும் வகுப்பறையில் பேசப்படுவதில்லை. பாண்டியன் மாண்டபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்குச் சாந்தி செய்யும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகின்றது. அவர்களுள் எவரும் சிலம்பு திருடியவர் என்று நூல் கூறவில்லை. ஒருவன் சொல்லை ஆராயாது ஒரு வணிகனைக் கொன்ற நாடு, அத்தவறு தெரிந்த பின்னர் ஒரு தொழிலின் பெயரைக் கேட்டே ஆயிரவரைக் கொன்றது. அவர்களுக்காக வழக்குரைக்க எவரும் கையில் சிலம்பேந்தி அவ்வாயிலுக்கு வந்ததாகக் காப்பியத்தில் இல்லை.